நட்டத்தில் முடிந்த எட்டுப் படிகள்

இந்தக் குடாநாட்டில் இதுவரை சீமெந்து குழைத்த மேசன்மார் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினாலும், கட்டியதைவிட உடைத்ததுதான் அதிகம் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் சரிவராதார். என்னை வாழ்க்கையில் அதிகம் கத்தவைத்த மனிதரும் அவர்தான். எனக்கு இயல்பிலேயே கொஞ்சம் சூடு கூட என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். கரண்ட் நின்றால் கத்துவேன், பஸ் நிற்காமல் போனால் கத்துவேன். ஆனால் மூன்று மாதமாக, காலைத் தேநீருக்கு முன்பே தொடங்கிப் பின்னேரம் வரை, ஒரே ஆளோடு கத்தியது அந்த ஒரு தடவைதான்.

பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புத்தூரில் அவருடைய வீட்டை விசாரித்தபோது கடைக்காரர், "ஆர், சரிவராதாரோ?" என்றுதான் கேட்டார். எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழுவது அந்தச் சொல்தான். நாளைக்கு வருவீர்களா? சரிவராது. மழை வரும்போல இருக்கிறதே? சரிவராது. பிளேன்ரீ குடிக்கிறீர்களா என்றாலும் சரிவராது என்பார். சொல்லிவிட்டு இரண்டு கோப்பை குடிப்பார். ஊர்க்காரர் அந்தச் சொல்லோடு மரியாதைக்கு ஒரு 'ஆர்' சேர்த்து அவருக்குப் பெயராகவே கொடுத்துவிட்டார்கள்.

அவருடைய சரித்திரம் எனக்குத் தெரியாமல் இல்லை. தொண்டைமானாற்றில் வள்ளங்கள் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி வீட்டில் கிணற்றுக்கட்டு கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர், "கெதியா முடியுங்கோ" என்று அவசரப்படுத்தி ஒரு வார்த்தை சொன்னாராம். மனுசன் கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார். அரைக்கட்டுக் கிணற்றைச் சுற்றி மீன்வலையைக் கட்டிவைத்துத்தான் அந்த வீட்டார் ஒரு மாதம் தண்ணீர் அள்ளினார்கள். புத்தூரில் ஒரு கலியாண வீட்டில், தாலிகட்டுக்கு இரண்டு நாள் முன்பு, தானே கட்டிய குசினிப் படியைத் தானே உடைத்தார். அரை அங்குலம் பிசகாம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய நேரம், சமையற்காரர்கள் சாம்பார்ச் சட்டியோடு பலகையில் நடந்துகொண்டிருந்தார்கள். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் அவரைக் கூப்பிட்டேன். அதற்கு முதலில் என்னைத்தான் ஏச வேண்டும்.

எங்கள் வீடு நல்லூரில் ஒடுங்கிய ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. புகையிலை வியாபாரத்தில் காசு கண்ட பூட்டன் கட்டியது. வீட்டுக்கு வயது நூறுக்கு மேல். தன்னைப் பார்க்க வருகிறவர்கள் குனிந்து மூச்சிரைத்துத்தான் வர வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, விறாந்தையை நிலத்திலிருந்து ஐம்பது அங்குலம் உயர்த்தி, ஐந்தே ஐந்து ஏற்றமாகப் படி வைத்துவிட்டார். ஒவ்வொரு ஏற்றமும் பத்து அங்குலம். கடலோரம் வெட்டிய முருகைக்கல்லும் சுண்ணாம்பும். ஷெல் விழுந்து ஓடெல்லாம் பறந்த வருசத்திலும் அந்தப் படி அசையவில்லை. பழைய வீடுகளைப் படம் எடுக்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று, என்ன கம்பீரம், என்ன கம்பீரம் என்பார்கள். படத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு என்ன, தினமும் ஏறி இறங்குகிறவர்களின் முதுகுக்கும் நாரிக்குமல்லவா அந்தக் கம்பீரம் தெரியும்.

அந்த வீட்டில் இருப்பது நானும் என் அக்காவும் மட்டும். அக்கா முப்பது வருசம் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். வெயில் மழை பாராமல் சைக்கிளில் திரிந்தவர். இரண்டு வருசத்துக்கு முன்பு ஒரு பக்கம் இழுத்துப்போட்டது. கை திரும்பி வந்தது. பேச்சு வந்தது, முன்பைவிடக் கூடவே வந்தது. இடது கால் மட்டும் பாதிதான் வந்தது. வீட்டுக்குள் தடியூன்றி நடப்பார். பத்து அங்குலப் படிக்கு அந்தக் கால் ஏறாது, இறங்காது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் கதிரையோடு தூக்கி இறக்குவோம். ஒருநாள் அப்படி இறக்கும்போது ஒழுங்கையால் போன யாரோ ஒருவன், "அம்மன் வெளிவீதிக்கு வாறா" என்று பகிடி விட்டான். அக்கா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் தூக்கவிடவில்லை. திருவிழாவுக்கும் போகவில்லை, இருபத்தைந்து நாளும் விறாந்தையில் இருந்து மேளச்சத்தத்தைக் கேட்டார்.

"என்ரை காலாலை நான் கேற்றைத் தாண்டோணும்" என்றார் ஒருநாள். "ஏலாட்டி உதுக்குள்ளையே கிடக்கிறன். தூக்கிற கதை இனி வேண்டாம்."

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குப் பூட்டன்மேல் கோபம். செத்துப்போன மனுசனோடு கத்தி என்ன பயன். மேசன்மாரைக் கேட்டேன். வந்தவர்கள் எல்லாரும் பழைய படிக்கு மேலே பளபளவென்று டைல் ஒட்டித் தருகிறோம் என்றார்கள். கால் ஊன்ற ஏலாதவருக்கு வழுக்கும் டைல். உடைத்துக் கட்டச் சம்மதித்தவர் ஒருவர்தான். உடைப்பதென்றால் அவருக்குத் தனிச் சந்தோஷம்.

முதல் நாள் வந்தவர் படியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கேற்றில் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"உதிலை ஏறப்போறது ஆர்?"

"அக்கா."

"அப்ப உங்களோடை எனக்கென்ன கதை? அவவைக் கூப்பிடுங்கோ."

அக்கா தடியோடு விறாந்தைக்கு வந்தார். "காலைத் தூக்குங்கோ அக்கா" என்றார் சரிவராதார். அக்கா தூக்கினார்.

"சரிவராது. உது மற்றவைக்குக் காட்டத் தூக்கிறது. களைச்ச நேரத்திலை தூக்கிற மாதிரித் தூக்குங்கோ."

நான் போய் அளக்கிற ரேப்பைக் கொண்டுவந்து நீட்டினேன். ரேப்புக்குக் களைப்புத் தெரியாது என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டார். விறாந்தையின் மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, அக்காவின் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் நிறுத்தி, நகத்தால் முறித்துச் சட்டைப்பையில் வைத்தார். அக்காவை விறாந்தையில் ஐந்து தடவை நடக்கவைத்துத் திரும்பவும் அளந்தார், இன்னும் கொஞ்சம் முறித்தார். அவர் பிளேன்ரீ குடிக்கிற நேரம் பார்த்து நான் அந்த ஈர்க்கைக் களவாக எடுத்து ரேப்பில் வைத்துப் பார்த்தேன். ஆறேகால் அங்குலம்.

அடுத்தநாள் காலை பத்து மணிக்குள் பூட்டனின் கம்பீரம் முற்றத்தில் குவியலாகக் கிடந்தது. நூறு வருசத்துக் கல்லை இப்படியா போடுவது என்று கத்தினேன். "கல்லுக்கு நோகாது" என்றார். பிறகு ஒரு வாளி சீமெந்துகூடக் குழைக்கவில்லை. சீமெந்துக்கல்லையும் பலகையையும் அடுக்கி, சாந்து இல்லாமல் வெறும் அடுக்காக ஒரு படி செய்தார். பத்து நாள் அக்கா இதில் ஏறி இறங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கட்டுவேன் என்றார். அக்காவை விடுவதற்கு முன்னால் வேறொரு ஆளைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். அந்த ஆள் யார் என்று உங்களுக்கே விளங்கியிருக்கும்.

ஐந்து கிலோ அரிசிப் பையைப் பழைய சாரத்துண்டால் என் இடது கணுக்காலில் கட்டினார். கையில் அக்காவின் தடி. அறுபத்து நாலு வயதில், பட்டப்பகலில், நான் ஒரு காலை இழுத்து இழுத்து என் வீட்டு வாசலில் ஏறி இறங்கினேன். ஒழுங்கையால் ரியூசனுக்குப் போன பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். கோயிலுக்குப் போன மனுசி ஒருவர் கேற்றைப் பிடித்துக்கொண்டு பக்தியோடு கேட்டார்.

"காவடி, கற்பூரச்சட்டி எல்லாம் பாத்திருக்கிறன். உதென்ன நேர்த்திக்கடன் தம்பி?"

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. அரிசிப் பையை அவிழ்த்து எறிந்துவிட்டு, "நீர் என்ன மேசனோ, இல்லாட்டி விசரோ?" என்று கத்தினேன். சரிவராதார் அதைக் காதிலேயே போடவில்லை. "நாலாவதிலை தடி வைக்க இடமில்லாமல் தட்டுப்பட்டவர்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பலகையை நகர்த்தினார். விறாந்தையில் இருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அக்கா அப்படிச் சிரித்து இரண்டு வருசம். அதனால்தான் அந்த ஆளை அன்றைக்கே துரத்தவில்லை.

தடி வைக்கிற இடத்தில் அவர் ஒரு நூல் விட்டுக்கொடுக்க மாட்டார். "அவ ஒரு படியிலை ரெண்டு காலையும் வைச்சு, தடியையும் வைச்சு, மூச்சு விட்டிட்டுத்தான் மற்றதுக்குப் போவா. மூண்டுக்கும் இடம் வேணும்." ஆகவே படி ஒவ்வொன்றும் இருபது அங்குல அகலம். படியே வேண்டாம், சரிவாகப் போட்டால் என்ன என்று கேட்டேன். அப்படியென்றால் ஒழுங்கையின் அந்த முனையில் தொடங்க வேண்டும் என்றார் அவர். "நான் என்ன லொறியிலை ஏத்துற உரமூட்டையோ?" என்றார் அக்கா. இருவரும் ஒரே பக்கம் நின்று எனக்கு எதிராகக் கதைக்கத் தொடங்கியது அன்றுதான். அன்றிலிருந்து பத்து நாள், நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் நிற்க, அக்கா அந்த அடுக்கில் எண்ணி எண்ணி ஏறி இறங்கிப் பழகினார்.

இனித்தான் பெரிய சண்டை. எங்கள் பக்கத்தில் வாசற்படியை எண்ணுகிற முறை ஒன்று உண்டு. முதற்படியில் கால் வைக்கும்போது லாபம், அடுத்தது நட்டம், பிறகு லாபம், பிறகு நட்டம். கடைசி அடி வீட்டுக்குள் வைக்கும்போது லாபம் என்று முடிய வேண்டும். பூட்டனின் ஐந்தும் லாபத்தில் முடிந்தது. ஐம்பது அங்குலத்தை ஆறேகாலால் பிரித்தால் எட்டு. எட்டு என்றால் நட்டம். இந்தக் கணக்கை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் அண்ணைக்குச் சொல்லிவிட்டேன்.

அண்ணை போய் முப்பத்தைந்து வருசம். வந்தது மூன்று தடவை. ஆனால் அந்தப் படிமேல் அவருக்கு இருக்கிற உரித்துக்கு அளவில்லை. காலையில் போனைத் திறந்தால் அவருடைய குரல் வரிசையாகக் காத்திருக்கும். "எங்கடை பரம்பரையிலை நட்டத்திலை கால் வைச்சு ஆரும் வீட்டுக்குள்ளை போனதில்லை. ஏழு வை, இல்லாட்டி ஒன்பது வை."

ஏழு வைத்தால் அக்காவின் கால் எட்டாது. ஒன்பது வைத்தால், இருபது அங்குல அகலத்தில், கடைசிப் படி கேற்றைத் தாண்டி ஒழுங்கைக்குள் போய் நிற்கும். அகலத்தைக் குறைக்கலாமே என்றார் அண்ணை. அதைச் சரிவராதாருக்குப் போனில் போட்டுக் காட்டினேன்.

"தடியை எங்கை வைக்கிறது? அவரின்ரை தலையிலையோ?" என்றார். பிறகு சாந்தைக் குழைத்துக்கொண்டே சொன்னார், "எண்ணுறவர் அங்கை. ஏறுறவ இஞ்சை. எட்டுத்தான்."

எட்டுத்தான் கட்டினார். கட்டினார் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். மூன்றாவதைக் கட்டி, அடுத்தநாள் உடைத்தார். தண்ணீர் ஊற்றினால் தேங்குகிறதாம். ஆறாவதை உடைத்தார்; விளிம்பு கூராக இருக்கிறதாம். வலது பக்கம் கைபிடி வைத்துவிட்டு, இறங்கும்போது அக்காவின் வலது கை மற்றப் பக்கம் வரும் என்று நினைவு வந்து, அந்தப் பக்கமும் ஒன்று வைத்தார். வைக்கும்போது கட்டின இரண்டு படியை உடைத்தார். ஒவ்வொரு உடைப்புக்கும் நான் கத்தினேன். பழைய முருகைக்கல்லை எல்லாம் பக்கச் சுவருக்கு அப்படியே எடுத்து வைத்தார் என்பதை மட்டும் கோபத்திலும் மறைக்க ஏலாது. தூரத்தில் நின்று பார்த்தால் அந்தப் படி பூட்டன் காலத்திலிருந்தே அங்கே இருந்ததுபோலத்தான் இருந்தது.

கடைசியில் ஒருநாள் சாந்துக் கரண்டியைக் கழுவினார். "ஏழு நாள் தண்ணி ஊத்துங்கோ. ஒருத்தரும் மிதிக்கப்படாது. நான் வந்து சொன்னாப் பிறகுதான் அக்கா இறங்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஏழு நாளும் அண்ணை விடவில்லை. அப்பா இருந்தால் இதை விடுவாரா என்று ஒருநாள் போனிலேயே அழுதார். கத்துகிறவனை நான் சமாளிப்பேன். அழுகிறவனை எனக்குச் சமாளிக்கத் தெரியாது. ஆறாம் நாள் வேறொரு மேசனைப் பிடித்து, எட்டாவது படி நிலத்தைத் தொடுகிற இடத்தில், இரண்டு அங்குல உயரத்தில் ஒரு மெல்லிய கட்டு போடுவித்தேன். ஒரு மணித்தியால வேலை. இப்போது எண்ணினால் ஒன்பது, லாபம். படம் எடுத்து அனுப்பினேன். அண்ணை கும்பிடுகிற கைகளாக இருபது முப்பது அனுப்பினார். எல்லாரையும் திருப்திப்படுத்திவிட்ட புத்திசாலி என்று நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

எட்டாம் நாள் விடியவே அக்கா நல்ல சீலை உடுத்து, பூவும் வைத்து, விறாந்தையில் வந்து நின்றார். சரிவராதார் இன்னும் வரவில்லை. அவருக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நான்தான் அவசரப்படுத்தினேன். அக்கா கைபிடியைப் பிடித்து இறங்கினார். கால், கால், தடி, மூச்சு. கால், கால், தடி, மூச்சு. வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தார். எட்டு வந்ததும் நிலத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக் கைபிடியை விட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு முன்னே நடந்தார். என்னுடைய இரண்டு அங்குல லாபம் அங்கே கிடந்தது. அக்கா முகம் குப்புற விழுந்தார்.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. முழங்கால் உரசி, மணிக்கட்டு வீங்கியது, அவ்வளவுதான். ஆனால் கதிரையில் கொண்டுபோய் இருத்தியதும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்குப் போதும், இனி வேண்டாம்" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

அரை மணித்தியாலம் கழித்துச் சரிவராதார் வந்தார். கேற்றுக்குள் ஒரு கால் வைத்ததும் அவர் கண் அந்தக் கட்டில் விழுந்தது. வேறொருவன் சாந்து என்று பார்த்த உடனே தெரிந்திருக்கும். இரும்பு அலவாங்கை எடுத்து இரண்டே போடு. கட்டு நாலாகப் பிளந்தது. துண்டுகளைப் பொறுக்கி மதிலோரம் போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார். இந்த மனுசன் இப்போது கத்தினால் நானும் கத்தலாம் என்று காத்திருந்தேன்.

"காலுக்கும் எண்ணத் தெரியும் தம்பி" என்றார். "பத்து நாள் எட்டெண்டு பழக்கினனான். நீர் அதுக்குப் பொய் சொல்லிப்போட்டீர்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு தடவைதான் அது சரியான ஆள்மேல், என்மேலேயே, வந்தது. அன்று பின்னேரம் அண்ணைக்குப் போன் எடுத்து, இனிப் படி என்ற சொல்லை வாயில் எடுக்காதே என்றேன். அவர் எடுக்கவில்லை.

வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் மனுசன் தினமும் காலையில் வந்தார். படியின் அடியில் நின்றுகொண்டு என்னோடு எதற்காவது சண்டை பிடிப்பார். கைபிடிக்குப் பூசின நிறம் சரியில்லை என்பார், கேற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் செவ்வரத்தையை வெட்ட வேண்டும் என்பார். என் செவ்வரத்தையை வெட்ட இவர் யார்? நான் கத்த, அவர் கத்த, அக்கா உள்ளே இருந்து இருவரையும் ஏசுவார். சரிவராதாருக்குக் காது மந்தமாம், அப்போதுதான் முதல்தடவை சொன்னார். "என்ன அக்கா, விளங்கேல்லை" என்பார். அக்கா விறாந்தை விளிம்புக்கு வந்து ஏசினார். அடுத்த கிழமை ஒரு படி இறங்கி நின்று ஏசினார். நானோ செவ்வரத்தையைக் காப்பாற்றுகிற மும்முரத்தில் அக்கா எந்தப் படியில் நிற்கிறார் என்றே கவனிக்கவில்லை. மூன்றாம் படியில் நின்று என் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொன்னபோது எனக்குச் சண்டையில் வென்ற சந்தோஷம் மட்டுந்தான் இருந்தது. அதற்குப் பிறகு சரிவராதார் வருவதை நிறுத்திவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் நின்றதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

பங்குனி வெயில் கொளுத்திய ஒரு நாள், கடைக்குப் போய்த் திரும்பினால் வீடு திறந்து கிடக்கிறது. அக்கா இல்லை. அறையில் இல்லை, குசினியில் இல்லை, கிணற்றடியில் இல்லை. ஒழுங்கைக்குள் ஓடினேன். ஓடிக்கொண்டே புத்தூருக்கு, சரிவராதாருக்குப் போன் எடுத்தேன்.

"உம்மாலை வந்த வினை! அக்காவைக் காணேல்லை!"

"படியிலை ஏதும் கிடக்கோ? தடி, செருப்பு?" என்று அவசரமாகக் கேட்டார்.

"ஒண்டுமில்லை."

"கேற்?"

"சாத்திக் கிடந்தது."

"அப்ப இறங்கி, நிண்டு, திரும்பிக் கேற்றையும் சாத்திப்போட்டுப் போயிருக்கிறா" என்றார். எனக்கு அதைக் கேட்க எரிச்சலாக இருந்தது. அவருடைய வேலைக்கு அவரே சான்றிதழ் கொடுக்கிற நேரமா இது என்று கத்திக்கொண்டு சந்திக்கு வந்துவிட்டேன்.

சந்தி ஐஸ்கிறீம் கடையில், காற்றாடிக்குக் கீழே, அக்கா. மேசையில் தடி சாய்ந்திருக்கிறது. முன்னால் பெரிய கிண்ணம். கரண்டியை நக்கிக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் பார்த்தவர், என்னைக் கண்டதும் கை காட்டி, "நீயும் ஒண்டு வாங்கிக் குடி" என்றார். தனியாக, தன் காலால், கேற்றைத் தாண்டி வந்திருந்தார்.

"கண்டிட்டன்" என்றேன் போனில். "ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு இருக்கிறா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இன்னொரு தடவை கேட்டது.

"என்ன, அழுறியளோ?"

"சீ, தடிமன். மூக்காலை ஓடுது" என்றார்.

மழை கண்டு இரண்டு மாதமான, தார் உருகுகிற வெயில். ஆனாலும் மூன்று மாதத்தில் அந்த மனுசன் சொன்னவற்றில் நான் எதிர்த்துக் கத்தாமல் விட்டது அந்தத் தடிமன் ஒன்றைத்தான்.